நோன்புக் கஞ்சியும் நெகிழிப் பையும்

எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியைப் பாலித்தீன் பையில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவன் நான்தான். 1994-ஆம் ஆண்டு ரமளான். எனக்கு அப்போது இருபது வயது. பண்ருட்டிக்குப் பேருந்தில் சென்று கிலோ கணக்கில் பை வாங்கி வந்து, அஸர் தொழுகை முடிந்ததும் தேக்சாவின் அருகில் நின்று நானே ஊற்றி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். பெரியவர்கள் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். "பிள்ளை நல்ல யோசனை பண்ணினான்" என்று முத்தவல்லி சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

அதற்கு முன்பு தூக்கு வாளிதான். நெய்வேலி நகரியத்தின் பல வட்டங்களிலிருந்தும், மந்தாரக்குப்பம் பக்கமிருந்தும் சிறுவர்கள் தூக்கோடு வந்து வரிசையில் நிற்போம். எல்லாத் தூக்கிலும் அவரவர் வீட்டுப் பெயர் வெட்டியிருக்கும். ஆனாலும் மூடி மாறிப் போகும். மூடி மாறினால் இரண்டு வீட்டுப் பெண்களுக்குள் பெருநாள் வரைக்கும் பேச்சு இருக்காது. சைக்கிள் கைப்பிடியில் மாட்டிய தூக்கு ஆடி, கொதிக்கும் கஞ்சி தொடையில் ஊற்றிய தழும்பு எனக்கே உண்டு. சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து நேராக வருகிற ஒப்பந்தத் தொழிலாளர்களின் கையில் பாத்திரம் இருக்காது. அவர்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்துத்தான் பை வாங்கும் எண்ணமே எனக்கு வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அந்த இருபது வயதுப் பையனுக்கு நான் அநீதி செய்தவனாவேன். கேட்டை எவரும் கேடு என்று தெரிந்து வீட்டுக்குள் அழைத்து வருவதில்லை.

அந்தப் பையைப் பற்றி நான் முதன்முதலாக யோசித்தது இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2021 ரமளானில். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த என் மகளுக்காகப் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கி வந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணி. பையைக் கையில் வாங்கியவள் அதன் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "அத்தா, இதை நான் குடிக்க மாட்டேன்" என்றாள்.

பள்ளிவாசல் கஞ்சியை வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் கேள்விப்படாத பேச்சு. அதில் பரக்கத் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் வேதியியல் படித்தவள். குரலை உயர்த்தாமல் விளக்கினாள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். ஆறு பெண்களின் நஞ்சுக்கொடியைப் பரிசோதித்ததில் நான்கு பேருடையதில் நுண்ணிய நெகிழித் துகள்கள் இருந்தனவாம். "பிள்ளைக்கு உணவு போகிற வழி அத்தா அது. அதால் என்ன கெடுதல் என்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தே ஏன் ஊற்றிக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று நான் தனியாகத்தான் கஞ்சி குடித்தேன். நல்ல கஞ்சிதான், பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, வெந்தயமும் புதினாவும் மணத்தது. ஆனால் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எனக்கு மின்சாரம் தெரியும், அதற்கு மேல் அறிவியல் அதிகம் தெரியாது. மகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சூடுதான் முதற்பகை. அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் குழந்தைகளின் பால்புட்டிகளைச் சோதித்தார்கள். பாலிபுரொப்பிலீன் புட்டியில் 25 டிகிரி நீர் ஊற்றியபோது லிட்டருக்கு ஏறத்தாழ 6 லட்சம் துகள்கள் வெளிவந்தன. 95 டிகிரி நீர் ஊற்றியபோது 5 கோடியே 50 லட்சம். அதே ஆண்டில் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் காகிதக் குவளைகளை ஆராய்ந்தார்கள். அவற்றின் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் பூச்சு உண்டு. 85 முதல் 90 டிகிரி வெந்நீரை 15 நிமிடம் வைத்திருந்தால் 100 மில்லியில் சுமார் 25,000 துகள்கள் கலந்துவிடுகின்றன. கஞ்சிப் பை வேறு வகை, புட்டி வேறு வகை. ஒன்றின் கணக்கை மற்றொன்றில் அப்படியே வைக்க முடியாது. ஆனால் தேக்சாவிலிருந்து கொதிநிலையில் அள்ளிய கஞ்சி, மஃரிப் பாங்கு சொல்லும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பைக்குள்தான் கிடக்கிறது. இதை எண்ணிப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

துகளைத் தவிர வேறும் உண்டு. நெகிழியை வளையச் செய்யவும், நிறமூட்டவும், கெட்டியாக்கவும் பல வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவற்றில் சில நம் உடலின் சுரப்பிகளை ஏமாற்றக் கூடியவை. பிஸ்பீனால் ஏ என்ற பொருளைக் குழந்தைப் பால்புட்டிகளில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலேயே தடை விதித்துவிட்டது. 2024 மார்ச்சில் வெளிவந்த இன்னோர் இத்தாலிய ஆய்வு என் வயதுக்காரர்களைத் தூங்கவிடாது. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேருக்கு மேல் அந்தக் கொழுப்பில் பாலித்தீன் இருந்தது. அவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட நாலரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பாலித்தீன்தான் காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவே. எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

அந்தப் பை என் கைக்கு வருமுன் எங்கே இருந்தது? இந்தக் கேள்விக்கு விடை என் வீட்டிலேயே இருந்தது. என் அண்ணன் பதினெட்டு ஆண்டுகள் சவூதியின் ஜுபைலில் வேலை பார்த்தவர். அங்கே எண்ணெயோடு வரும் வாயுவைப் பிளந்து எத்திலீன் எடுத்து, அதைக் கோத்துப் பாலித்தீன் குருணையாக்கி மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றுவார்கள். பருப்பு அளவில் வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்தக் குருணைதான் உலகத்துப் பைகளுக்கெல்லாம் விதை. அண்ணன் அனுப்பிய ரியாலில்தான் எங்கள் வீட்டில் இரண்டு நிக்காஹ் நடந்தது. ஆகவே வளைகுடாவின் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளைத் திட்டி எழுதும் தகுதி எனக்கு இல்லை. திட்டவும் இல்லை.

குருணை ஆலையிலிருந்து கடைக்குப் போகும் வழியிலேயே கேடு தொடங்கிவிடுகிறது. 2021-இல் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது, ஏறத்தாழ 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. இலங்கையின் மேற்குக் கரையில் மணலே தெரியாமல் வெள்ளையாகக் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியது. அதன் குருணை நம் கன்னியாகுமரிக் கரைவரை ஒதுங்கியது. மீன் முட்டை என்று நம்பி மீன் தின்னும், மீனை நாம் தின்போம்.

நெய்வேலிக்காரனுக்கு இந்தக் கதையில் இன்னொரு தனிப் பங்கும் உண்டு. எங்கள் அத்தா அறுபதுகளில் முதல் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957-இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்து, 1961-இல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. வெட்டியெடுத்த கரியில் சில சமயம் முழு மரத்துண்டு அப்படியே இருக்குமாம். பட்டையின் வரிகூடத் தெரியும் என்பார் அத்தா. "மண்ணுக்குள்ளே அல்லாஹ் பூட்டி வைச்ச காடுடா இது" என்பார். இங்கே கரியிலிருந்து மின்சாரம் மட்டும் எடுக்கவில்லை. ஒரு காலத்தில் யூரியாவும், அடுப்புக்கு 'லெக்கோ' கட்டியும் செய்தார்கள். லெக்கோ செய்யும்போது கிடைத்த துணைப்பொருள்களில் பீனாலும் ஒன்று. பீனாலோடு ஃபார்மால்டிஹைடைச் சேர்த்தால் பேக்கலைட். 1907-இல் உருவான அதுதான் முழுக்க மனிதன் செய்த முதல் நெகிழி. எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் இருந்த கறுப்பு மின் சுவிட்சு அந்தப் பேக்கலைட்தான். எண்ணெயோ கரியோ, எல்லாம் பூட்டி வைத்த காடும் கடலும்தான். நாம் பூட்டை உடைத்து மின்சாரமாக எரித்தோம், பையாகவும் சுற்றினோம். எரித்தது புகையாகப் போனது. பையாகச் சுற்றியது போகவே மாட்டேன் என்கிறது.

நம் மாவட்டத்துக்குள்ளேயே இன்னோர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. கடலூர் சிப்காட் பகுதியில் 2009 முதல் பி.வி.சி. பிசின் தயாராகிறது, நம் வீட்டுக் குழாய்களுக்கு அதுதான் மூலம். அந்தப் பிசினுக்கு மூலமான வினைல் குளோரைடு வாயு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள். 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஆலையில் வேலை செய்தவர்கள் சிலருக்கு அரிதான கல்லீரல் புற்றுநோய் வந்ததை ஆலை மருத்துவர் கவனித்ததால்தான் உலகத்துக்கு அது தெரிந்தது. குழாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டு உழைக்கும் குழாய் வேறு, ஒரு மணி நேரம் கஞ்சி சுமக்கும் பை வேறு. ஆனால் ஒவ்வொரு பொருளின் பின்னாலும் அதைச் செய்யும் ஆலையில் மூச்சுவிடும் ஒரு தொழிலாளி இருக்கிறார். சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு இது மறக்கக் கூடாது.

இனி, கஞ்சி குடித்து முடித்த பிறகு பை எங்கே போனது என்பது. இதை எழுதத்தான் எனக்குக் கை தயங்குகிறது.

மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் பின்புறம், வேப்பமரத்தடியில், அன்றைய பைகளையும் குவளைகளையும் சருகோடு சேர்த்துக் கூட்டித் தீ வைப்பார் மோதினார். வயதானவர், தூய மனிதர். பள்ளிவாசலைச் சுத்தமாக வைத்திருப்பது இபாதத் என்று நினைத்தவர். பை உருகிச் சொட்டும்போது நீலமாக எரியும். சிறுவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பல நாள் தீக்குச்சி கிழித்துக் கொடுத்தவன் நான். எங்கள் வீட்டிலும் அதேதான். வெந்நீர் அடுப்பில் கரி எளிதில் பற்றாது; அம்மா நாலு கவரைச் சுருட்டிக் கீழே வைத்துப் பற்றவைப்பார். பொசுங்கும் நாற்றம் வீடு முழுக்க வரும். அம்மாவுக்குக் கடைசிப் பத்து ஆண்டுகள் இளைப்பு. மோதினாருக்கும் ஓயாத இருமல். அதில் நெகிழிப் புகையின் பங்கு எவ்வளவு, கரித்தூளின் பங்கு எவ்வளவு என்று எந்த மருத்துவரும் பிரித்துச் சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் குறைந்த சூட்டில் நெகிழி எரிந்தால் மெல்லிய கரித்துகளும் நச்சு வாயுக்களும் வரும் என்பதும், அதில் பி.வி.சி. துண்டு ஒன்று கலந்திருந்தாலும் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகும் என்பதும் இன்று எனக்குத் தெரியும். அன்று தெரிந்திருந்தால் அம்மாவின் கையைப் பிடித்திருப்பேன். இருவரையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.

இது எங்கள் பள்ளிவாசலின் கதை மட்டுமல்ல. உலக அளவில் நெகிழி மாசு வெளிவிடும் நாடுகளில் இந்தியாவே முதலிடம் என்று 2024-இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. ஆண்டுக்கு 93 லட்சம் டன், அதில் பெரும்பகுதி வெட்டவெளியில் எரிக்கப்படுவது.

"காயலான் கடைக்குப் போட வேண்டியதுதானே?" என்பீர்கள். (காயல்பட்டினத்து வணிகர்களால்தான் அந்தப் பெயர் வந்தது என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு.) நானும் ஒருமுறை ஒரு சாக்கு நிறைய மடித்துக் கொண்டுபோனேன். கடைக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எடை இல்லை, கஞ்சிப் பிசுக்கு வேறு. கழுவும் தண்ணீருக்கும் கூலிக்கும் பை விலை கட்டாது. குடம், வாளி, நாற்காலி என்றால் எடுத்துக்கொள்வார். பை என்றால் எடுக்க மாட்டார். 1950 முதல் 2015 வரை உலகம் செய்த நெகிழி 830 கோடி டன். அதில் கழிவானவற்றில் மறுசுழற்சிக்குப் போனது நூற்றுக்கு ஒன்பது பங்குதான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் இந்த வேண்டாத பைகளைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் வழியைக் கண்டார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நல்ல வழிதான். ஆனால் எங்கள் வேப்பமரத்தடிக்கு எந்தச் சாலை வண்டியும் வந்ததில்லை. எரியாமல் தப்பிய பைகளை மாடுகள் தின்றன. கஞ்சி வாசனை மாட்டுக்கும் பிடிக்குமே! 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ நெகிழியை அறுத்தெடுத்த செய்தி நினைவிருக்கலாம்.

தடை வரவில்லையா என்றால், வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் 14 பொருள்களுக்குத் தடை. பை எவ்வளவு தடிமனானாலும் கூடாது. அந்த ஆண்டு நாங்கள் செய்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பையை நிறுத்திவிட்டு, துணி போலத் தோன்றும் கைப்பைகளும் காகிதக் குவளைகளும் வாங்கினோம். துணி போன்ற அந்தப் பை பாலிபுரொப்பிலீன். குவளைக்குள் நெகிழிப் பூச்சு. இரண்டுமே அந்த 14-இல் அடங்கியவைதான்! பட்டியலை எங்களில் எவரும் முழுதாகப் படிக்கவில்லை. இரண்டு ரமளான் கழித்துப் பழைய பையே திரும்பி வந்தது. என் மகள் கீழே வைத்தது அந்தப் பையைத்தான்.

2022 ரமளானுக்கு முன் ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து பேசினேன். கஞ்சியை மறுபடியும் பாத்திரத்தில் மட்டும் கொடுப்போம் என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு என்னைவிட மூத்த ஒருவர், "ஏம்பா, கவரைக் கொண்டுவந்தவனே நீதானே?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

சிரிப்பு அடங்கியதும் வந்த கேள்விகள் நியாயமானவை. பாத்திரம் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி என்ன செய்வார்? வெளியூர்ப் பிள்ளைகள்? பாத்திரம் ஏந்தி நிற்கக் கூச்சப்படும் வீடுகள் இருக்கின்றனவே. பையென்றால் எவருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டு போகலாம். கடைசிக் கேள்வியை எழுப்பியவர் பெண்கள் பகுதியிலிருந்து சீட்டு எழுதி அனுப்பிய ஒரு சகோதரி. முப்பது ஆண்டுகள் கஞ்சி ஊற்றிய எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. ஹஜ்ரத் மட்டும், ஓடுகிற ஆற்றில் உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று படித்த சமுதாயம் நாம் என்பதை நினைவுபடுத்திவிட்டு, "வழியைப் பாருங்கள்" என்றார்.

வழி இப்படி அமைந்தது. மறைந்த பெற்றோர் பெயரால் ஸதகா செய்ய விரும்பியவர்களிடம் பணம் வாங்கி, அறுபது எவர்சில்வர் தூக்குகள் வாங்கினோம். எவர் பெயரும் வெட்டவில்லை, எண் மட்டும். பாத்திரம் இல்லாதவர் பள்ளிவாசல் தூக்கில் வாங்கிச் சென்று மறுநாள் திருப்பித் தரலாம். முன்பணம் கிடையாது, பெயர் எழுதுவதும் கிடையாது. கூச்சப்படும் வீடுகளுக்கு இளைஞர்கள் இருட்டுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். பள்ளிவாசலுக்குள் நோன்பு திறப்பவர்களுக்குப் பீங்கான் கோப்பை. கோப்பை கழுவுவது என் பொறுப்பு. அதை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இருநூறு கோப்பை கழுவி நிமிரும்போது இடுப்பு தனியே கழன்று வந்துவிடும் போலிருக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். இன்றும் சிலர் சட்டைப்பையில் கவரை மடித்து எடுத்துவந்து நீட்டுகிறார்கள். நோன்பாளியிடம் வாதாட மனம் வராமல் ஊற்றுகிறோம். குர்பானி இறைச்சி இன்னும் கறுப்புக் கவரில்தான் போகிறது. வலீமா விருந்துகளில் குடிநீர்ப் புட்டிகள் குவிகின்றன. சென்ற ஆண்டு என் தம்பி மகனின் வலீமாவிலேயே தடுக்க முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடி நெகிழி உடன்படிக்கை எட்ட முடியாமல் கலைந்தன. உற்பத்தியைக் குறைக்க எண்ணெய் நாடுகள் சம்மதிக்கவில்லை. ஒரு தம்பி மகனையே சம்மதிக்கவைக்க முடியாத எனக்கு அது வியப்பாக இல்லை.

அந்த முதல் ஆண்டு பெருநாள் முடிந்து எண்ணிப் பார்த்தபோது அறுபதில் நாற்பத்தொன்பது தூக்குகள் இருந்தன. பதினொன்று வரவில்லை. கூட்டத்தில் சிரித்த அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார். இரண்டு வாரம் கழித்து ஒரு ளுஹர் நேரம். மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஓர் இளைஞர் சைக்கிளில் வந்து இறங்கினார். முஸ்லிம் அல்லர், ரமளான் முழுக்க வாரத்தில் மூன்று நாள் எங்கள் வரிசையில் நின்றவர். கைப்பிடியில் எங்கள் தூக்கு, எண் 37. ஊருக்குப் போயிருந்ததால் தாமதம் என்றார்.

வாங்கியபோது கனத்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே பலாச்சுளைகள். "வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லுச்சுங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அன்று ளுஹர் தொழுதவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சுளை கிடைத்தது. மூடியை முகர்ந்தால் மறுநாளும் பலா வாசனை வந்தது.